ஓரிகமி என்னும் காகித மடிப்புக் கலையைக் கற்பிக்கும் கலப்பு மெய்ம்மைச் செயலியில், பயனர் மடித்தது சரியா என்பதைக் கேமராவே கண்டறியுமா?

நிஜக் காட்சியோடு மெய்நிகர் உருவங்களையும் கலந்து காட்டும், தலையில் அணியும் மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டுக்காக, காகிதக் கொக்கு மடிக்கக் கற்பிக்கும் முன்மாதிரி ஒன்றை யூனிட்டி என்ற மென்பொருளில் உருவாக்கிய அனுபவத்தில் எழுதுகிறேன். ஓரளவுக்குக் கண்டறியும், ஆனால் அதை நம்பிச் செயலியை வடிவமைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

காரணத்தை ஒரே மடிப்பைக் கொண்டு விளக்கிவிடலாம். கொக்குக்கு முதலில் தாளைச் சதுர அடித்தளமாக மடிக்க வேண்டும். அது தாளின் பரப்பில் கால் பங்குள்ள, நான்கு அடுக்குச் சதுரம். தாளை இரண்டாகவும் பிறகு நான்காகவும் சாதாரணமாக மடித்தாலும் அதே அளவுள்ள நான்கு அடுக்குச் சதுரம்தான் வரும். தாளின் நான்கு முனைகளும் ஒரே மூலையில் வந்து சேர்வதுகூட இரண்டிலும் ஒன்றே. அடுக்குகள் உள்ளே எப்படி இணைந்திருக்கின்றன என்பது மட்டுமே வேறு. வெளிக்கோட்டைப் பார்த்து முடிவு செய்யும் நிரல், கொக்காகவே முடியாத சதுரத்தையும் சரி என்று சொல்லிவிடும். ஹெட்செட்டின் கேமராப் படத்தைச் செயலிகள் பெறும் வசதியை மெட்டா 2025-இல் திறந்துவிட்டது உண்மைதான். ஒரு பக்கம் நிறமும் மறுபக்கம் வெள்ளையும் உள்ள 15 செ.மீ. தாளை ஓப்பன்சிவி என்ற படப் பகுப்பாய்வு நிரல் தொகுப்பைக் கொண்டு மேசையிலிருந்து பிரித்தறிவதும் கடினமன்று. ஆனால் தொடக்க மடிப்புகளைத் தாண்டியதும் விரல்கள் தாளின் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன.

நிஜத் தாளின் மீதே மடிப்புக் கோட்டை வரைந்து காட்டலாம் என்ற எண்ணமும் எல்லோருக்கும் வரும். கண்ணுக்கு மிக அருகில் உள்ள பொருள்கள் ஹெட்செட்டின் கேமராக் காட்சியில் சற்று நெளிந்து தெரிவதால், கோடு சில மில்லிமீட்டர் விலகி விழும். சிறிய தாளில் அந்த விலகலே கொக்கின் கழுத்தைக் கோணலாக்கப் போதுமானது. ஆகவே மடிப்பைச் செய்துகாட்டும் மெய்நிகர் தாளை நிஜத் தாளுக்குச் சற்றுப் பின்னால், அதைவிடப் பெரிதாக, பயனரை நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

இந்தக் கருவியின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. பள்ள மடிப்புக்கு (கோடு உள்ளே பதியும் மடிப்பு) சிறு கோடுகள், மேட்டு மடிப்புக்கு (கோடு மேலே துருத்தும் மடிப்பு) கோடும் புள்ளியும், திசைக்கு அம்பு என்று ஜப்பானிய ஓரிகமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1950-களில் புத்தகங்களில் நிலைநிறுத்திய குறியீட்டு முறை இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே தாள் எப்படி நகர்கிறது என்பதைக் கற்பவர்தான் ஊகிக்க வேண்டும். கொக்கில் பலரும் திணறுவது இதழ் மடிப்பில்: மேலடுக்கின் கீழ்முனையைத் தூக்கும்போதே இரு பக்க விளிம்புகளும் உள்நோக்கிச் சரிய வேண்டும். அந்த இடைநிலையில் தாளை நிறுத்தி, தலையைச் சாய்த்து அதன் உட்புறத்தைப் பார்க்க முடிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் உழைப்பின் பெரும்பகுதியை இந்த அசைவுக்கே கொடுங்கள்.

மடிப்புத் தரவுக்கு, ஓரிகமியின் கணிதத்தை ஆராயும் எரிக் டிமெய்ன், ஜேசன் கூ, ராபர்ட் லேங் ஆகியோர் வகுத்த ஃபோல்டு என்ற கோப்பு வடிவம் போதும். முனைகள் (கோடுகள் சந்திக்கும் புள்ளிகள்), விளிம்புகள் (அவற்றை இணைக்கும் கோடுகள்), ஒவ்வொரு விளிம்பும் மேடா பள்ளமா என்பதெல்லாம் JSON என்ற உரைவடிவத் தரவு அமைப்பில் அதில் அடங்கும். தட்டையாக மடிந்த தாளின் உள்முனை (தாளின் ஓரத்தில் இல்லாத முனை) ஒன்றில் சேரும் மேட்டு மடிப்புகளுக்கும் பள்ள மடிப்புகளுக்கும் உள்ள எண்ணிக்கை வேறுபாடு எப்போதும் 2 என்பது மேகாவா தேற்றம். இதை ஒரு சோதனையாக எழுதி வைத்தால், உள்ளிடும்போது நேரும் பிழைகளில் பலவற்றை அதுவே பிடித்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் அடுக்குகளுக்கு இடையே நூலளவு இடைவெளி விடுங்கள். இல்லையெனில் திரையில் அவை மினுமினுத்து ஒன்றோடொன்று கலந்து தெரியும்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளும் சைகையைத்தான் ஹெட்செட் 'தேர்ந்தெடு' என்று புரிந்துகொள்கிறது. தாளின் மடிப்பை அழுத்தித் தேய்க்கும்போதும் விரல்கள் அதையே செய்கின்றன. பயனர் மடித்துக்கொண்டிருக்கும்போதே செயலி அடுத்த படிக்குத் தாவிவிடும். எனவே பாடம் நடக்கும் நேரம் முழுவதும் கிள்ளும் சைகையை முடக்கிவிட்டு, 'அடுத்து', 'மறுபடி' என்ற இரு பெரிய பொத்தான்களை மட்டும் மேசையின் ஓரத்தில், கை தற்செயலாகப் படாத தொலைவில், உள்ளங்கையால் தட்டும்படி வையுங்கள்.