ஸ்பெக்ட்ரம் மூடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்

1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டரான சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ரிப்பேர், அப்கிரேடு மட்டும் கேட்கவும்.

கேள்வி: சார், என்னுடையது 16கே மெமரி மெஷின். 48கே ஆக்க எந்த சிப் வாங்கணும்?

பதில்: வாங்குவதற்கு முன் போர்டில் அச்சிட்ட இஷ்யூ (போர்டின் பதிப்பு) நம்பரைப் பாருங்கள். இஷ்யூ 1 என்றால் தனியாக ஒரு குட்டிப் போர்டு செருகணும். இஷ்யூ 2, 3-ல் போர்டிலேயே இடம் உண்டு, ஒவ்வொரு சிப் இடத்துக்கும் ஐசி நம்பர் இருக்கும்: ஐசி15 முதல் 22 வரை மெமரி, 23 முதல் 26 வரை லாஜிக் சிப்புகள்.

இந்த எட்டு மெமரி இடங்களில் அந்தக் காலத்தில் போட்ட 32கே சிப்புகள் உண்மையில் 64கே சிப்புகள்தான். ஒரு பாதி பழுதானவற்றை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் சின்க்ளேர் பயன்படுத்தினார்கள். டெக்ஸாஸ் 4532-ல் கடைசி எண் 3 அல்லது 4. ஓகேஐ 3732-ல் எல் அல்லது எச். நல்ல பாதி எது என்று அதை வைத்துத்தான் தெரியும். எட்டும் ஒரே வகையாக இருக்கணும், எந்தப் பாதி என்று தேர்வு செய்யும் போர்டின் ஒயர் லிங்க்கும் அதற்குப் பொருந்தணும். இன்று அந்தத் தலைவலி எதற்கு? முழுசாக நல்ல 4164 (64கே சிப்) எட்டு வாங்கி, சாக்கெட்டில் போடுங்கள்.

கேள்வி: ரவுட்டரின் 9 வோல்ட் அடாப்டர் போடலாமா?

பதில்: கூடாது. ஸ்பெக்ட்ரத்தில் அடாப்டர் பின்னின் உள்பக்கம் மைனஸ். இப்போது விற்பவை பெரும்பாலும் நேரெதிர்.

கேள்வி: திரையில் கோடுகள் மட்டும் வருது. நேற்று ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸ் மாட்டினேன்.

பதில்: மெஷின் ஆனில் இருக்கும்போது மாட்டினீர்களா? பின்னால் இன்டர்ஃபேஸ் மாட்டும் எட்ஜ் கனெக்டர் ஒரு நொடி ஷார்ட் ஆனாலே பவர் பகுதியின் டிஆர்4 டிரான்சிஸ்டர் போய்விடலாம். முதல் 16கே மெமரியில் ஒன்றான ஐசி6-ஐ (4116 சிப்) மீட்டரில் அளந்து பாருங்கள்: 1-ஆம் காலில் மைனஸ் 5, 8-ல் 12, 9-ல் 5 வோல்ட் வரணும். மைனஸ் 5 இல்லையென்றால் உடனே ஆஃப் செய்யுங்கள். அது இல்லாமல் ஓடினால் அந்த 4116 சிப்புகள் ஒவ்வொன்றாகச் சாகும்.

கேள்வி: தொடாத 16கே மெஷினே இன்று அரிது. அதையும் கெடுக்கச் சொல்றீங்களே, இது நியாயமா?

பதில்: கெடுப்பதா? 1982-ல் 16கே 125 பவுண்டு, 48கே 175. காசு குறைவாக இருந்தவர் சின்னதை வாங்கி, பிறகு ஏற்றிக்கொண்டார். இடம் விட்டு வைத்ததே அதற்காகத்தானே.

கேள்வி (அதே அன்பர்): அப்படியானால் இஷ்யூ 1-ல் மல்லாந்து ஒட்டியிருக்கும் அந்த சிப்பையும் பிடுங்கிவிடலாமே!

பதில்: 'செத்த கரப்பான்' என்று பட்டப்பெயர் பெற்ற அதைத் தொட்டுவிடாதீர்கள். யூஎல்ஏ (திரை, கீபோர்டு முதலியவற்றைக் கவனிக்கும் சிப்) வடிவமைப்பில் இருந்த பிழையைச் சரிக்கட்ட தொழிற்சாலையிலேயே ஒட்டியது அது. அசிங்கமாக இருக்கும், ஆனால் அது இல்லாமல் மெஷின் ஒழுங்காக ஓடாது. நான் சொல்வது காலியிடத்தில் சேர்ப்பதை. நீங்கள் சொல்வது இருப்பதைப் பிய்ப்பதை. அதனால்தான் சாக்கெட் என்றேன்: வேண்டாமென்றால் எட்டையும் உருவிவிடுங்கள், மறுபடி 16கே.

கேள்வி (வேறொருவர்): அன்பர் சொல்வதுதான் சரி. சாக்கெட் வைக்கவும் சாலிடர் சூடு படுமே?

பதில்: படும். ஏற்கெனவே சாக்கெட் இருக்கும் போர்டும் உண்டு. இல்லையென்றால், சாலிடர் கை பழகாதவர் அந்த மெஷினை அப்படியே விட்டுவிடட்டும். இந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பிந்தைய ஸ்பெக்ட்ரம் மாடலான ப்ளஸ்2ஏ-யில், மைக்ரோடிரைவ் மாட்டும் இன்டர்ஃபேஸ் 1 ஓடலை.

பதில்: ஓடாது. ப்ளஸ்2ஏ-யில் இருப்பது ப்ளஸ்3 மாடலின் போர்டு, அதற்கு இது பொருந்தாது. சாம்பல் நிற ப்ளஸ்2 தேடுங்கள்.

கேள்வி: 12 வோல்ட் அடாப்டர்...

பதில்: மேலே படிக்கவும். 12 வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அதே காலத்து இன்னொரு கம்ப்யூட்டரான கமடோர் 64-க்கும் இதே 4164 தானா?

பதில்: பெரும்பாலும் அதுதான். மற்றதெல்லாம் கமடோர்காரர்களிடம் கேளுங்கள். பழைய பவர் சப்ளையை மட்டும் அளக்காமல் செருகாதீர்கள். அதன் 5 வோல்ட் ஏறினால் முதலில் போவது பெரும்பாலும் அந்த மெமரிதான்.