மிதக்கும் துகளும் கசியும் மருந்தும்: கேள்வி பதில்

கேள்வி: உடலுக்குள் பொருத்தும் மருந்துக் கருவிக்கும் திரவத்தில் மிதக்கும் துகளுக்கும் என்ன தொடர்பு?

பதில்: பொருத்திய சில வாரங்களில் கருவியைச் சுற்றி உடல் கொலாஜன் இழைகளால் ஓர் உறையைக் கட்டிவிடுகிறது, வெளியேறும் மருந்து அதைக் கடந்தாக வேண்டும். உறையின் இடுக்குகள் எவ்வளவு நெருக்கமானவை, அங்குள்ள திரவம் எவ்வளவு பாகாக உள்ளது என்பதை அறிய, அதைப் போன்ற ஜெல்லில் ஒளிரும் துகள்களை விட்டு, நுண்ணோக்கியில் அவற்றின் தடுமாற்றத்தைப் படம்பிடிக்கிறோம். 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் நீரில் மிதந்த நுண்துகள்களில் கண்ட அதே ஆட்டம்தான். 1905இல் ஐன்ஸ்டைன் அதற்குக் கணக்குத் தந்தார். 25 டிகிரி நீரில் 100 நானோமீட்டர் துகள் ஒரு விநாடியில் படத்தளத்தில் சுமார் 4.4 மைக்ரோமீட்டர் விலகும். நான்கு விநாடியிலோ அதன் இரு மடங்குதான்.

கேள்வி: கெட்டியான ஜெல்லிலும் என் துகள்கள் அசைகின்றனவே?

பதில்: கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் துகளை முதலில் அளந்தீர்களா? இடங்காண்பதில் 20 நானோமீட்டர் பிழை இருந்தாலே அசையாத துகளும் நடுங்குவதாகத் தோன்றும்.

கேள்வி: அளவீடு நாளுக்கு நாள் மாறுகிறது, ஏன்?

பதில்: வெப்பநிலையைக் குறிப்பிடாமல் வந்திருக்கும் மூன்றாவது கேள்வி இது. 25 டிகிரியிலிருந்து 37க்குப் போனால் நீரில் விரவல் (துகள் தானாகப் பரவும் வேகம்) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஒட்டிய துகளையும் அளந்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் உடலில் பொருத்திய, தண்டுவடத்துக்கு மருந்து செலுத்தும் பம்பில் மருந்தளவைக் கூட்டலாமா?

பதில்: அதைப் பொருத்திய மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 100 நானோமீட்டர் துகள் சிக்கினால் மருந்தும் சிக்கும் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. பெரும்பாலான மருந்து மூலக்கூறுகள் ஒரு நானோமீட்டர் அளவினவை. மீன் சிக்கிய வலையில் தண்ணீர் சிக்குவதில்லை.

மறுப்பு: மருந்தையே துகளுக்குள் அடைத்தால்?

பதில்: ஒப்புக்கொள்கிறேன், அப்போது துகளே மருந்து. ஆயினும் அளவு மட்டுமே வழியை அடைப்பதாக எண்ண வேண்டாம். 2007இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஹேன்ஸ் குழுவினர் மனிதச் சளியில் துகள்களைப் பின்தொடர்ந்தபோது, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும், நீரோடு இணங்கும் பாலிமரைப் பூசிய 500 நானோமீட்டர் துகள்கள் நீரில் நகர்வதைவிட நான்கு மடங்கு மட்டுமே மெதுவாக நகர்ந்தன. பூச்சில்லாதவை ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாயின. ஆகவே உங்கள் துகளின் மேற்பூச்சு என்னவென்று எழுதுங்கள். அது தெரியாமல் நான் மேற்கொண்டு வாதிட இயலாது.