வளவில் விழும் மழை எங்கே போகிறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. மழை பெய்தால் வளவு முற்றத்தில், அதாவது வீட்டு நடுவே வானம் பார்த்த திறந்தவெளியில் கொட்டி, தூம்பு வழியாகத் தெருவுக்குப் போய்விடுகிறது. அப்பத்தா காலத்தில் அண்டா வைத்துப் பிடிப்பார்களாம். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் இந்தத் தண்ணீர் போதுமா?
வாசகி, பள்ளத்தூர்

பதில்: தாராளமாகப் போதும் ஆச்சி. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். முற்றத்தை நோக்கிச் சரியும் ஓட்டுப் பரப்பு 1,500 சதுர அடி, அதாவது 140 சதுர மீட்டர் என்று வையுங்கள். நாட்டு ஓடு கொஞ்சம் குடிக்கும், கொஞ்சம் சிதறும். முக்கால் பங்குதான் கைக்கு வரும். அப்படியும் மி.மீ.க்கு 105 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி நிரம்ப 95 மி.மீ. மழை போதும், ஐப்பசி அடைமழையில் சில நாளிலேயே நிரம்பிவிடும். குடிக்க, சமைக்க ஆளுக்கு 8 லிட்டர் என்றால் நாளுக்கு 40. தொட்டி 250 நாள் வரும்.

தண்ணீரை முற்றத்துத் தரையிலிருந்து எடுக்காதீர்கள். கால் கழுவுவதும் பாத்திரம் விளக்குவதும் அங்கேதான். ஓட்டு விளிம்பில் ஓடும் தகர வாய்க்காலை இரண்டு மூலைகளுக்குச் சரித்து, மூலைக்கு ஒரு 4 அங்குலக் குழாய் இறக்குங்கள். ஒரே குழாயை நம்பினால் பெருமழையில் வாய்க்கால் பொங்கிச் சுவரில் வழியும். சுண்ணாம்புப் பூச்சு ஊறி உப்பிக்கொள்ளும்.

இரண்டு குழாயும் சேருமிடத்தில் 'டி' வடிவ இணைப்பு வைத்து, கீழ்வாயை 200 லிட்டர் பீப்பாயில் விடுங்கள். புறா எச்சமும் தூசியுமாக வரும் முதல் மழை இதில் அடையும். பீப்பாய் நிறைந்ததும் உள்ளே மிதக்கும் பந்து வாயை அடைக்க, பின்னால் வரும் நீர் வடிகட்டிக்குத் திரும்பும். பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடு கெடுவது இங்கேதான்: பீப்பாயை யாரும் திறந்துவிடுவதில்லை. அது நிறைந்தே கிடந்தால் அடுத்த மழையின் அழுக்கு நேரே குடிதண்ணீருக்குப் போகும். அடிக்குழாயை நூல் போல மெல்ல ஒழுகும்படி எப்போதும் திறந்து வைத்துவிட்டால் ஒரு நாளில் தானே காலியாகும். யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வடிகட்டிக்கு இன்னொரு பீப்பாய். அடியில் முக்கால் அங்குலச் சல்லி முக்கால் அடி, மேலே கால் அங்குலச் சல்லி அரை அடி, அடுப்புக்கரி அரை அடி, நைலான் வலை, அதன்மேல் கழுவிய மணல் ஒரு அடி. வலை இல்லையென்றால் மணல் கரிக்குள் இறங்கி இரண்டே மழையில் அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில், மணலை எடுத்து அலசிப் போடுங்கள். தொட்டி மூடியில் வெளிச்சம் புகக் கூடாது, புகுந்தால் பாசி. மிகைநீர்க் குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள். குடிப்பதற்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

நிரம்பி வழிவதைக் கிணற்றில் விடலாம். ஆனால் கழிவறைத் தொட்டி கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீர் எத்தனை மழை விட்டாலும் குடிக்க ஆகாது.

கேள்வி: குளியலறைத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்பினோம். இலை ஓரம் கருகுகிறது, மண் இறுகிவிட்டது. ஏன்?
வாசகர், தேவகோட்டை

பதில்: துணி துவைத்த தண்ணீரும் அதில் சேர்கிறதா என்று பாருங்கள். சலவைத்தூளின் சோடியம்தான் மண்ணை இறுக்குகிறது. துவைத்த தண்ணீரைத் தனியே பிரித்து விட்டுவிடுங்கள். குளித்த தண்ணீரையும் கீரைக்கு விடாதீர்கள். வாழைக்கும் தென்னைக்கும் விடலாம்.

தண்ணீர் தெளிந்து போக, குளியலறைக்கும் வாழைக்கும் நடுவில் 10 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு தொட்டி வெட்டி, இரு முனையிலும் பெருஞ்சல்லி, நடுவே சிறுசல்லி நிரப்பி, அடிக்கு ஒன்றாகக் கல்வாழை நடுங்கள். ஐந்து பேர் குளிக்கும் தண்ணீருக்கு இது தாங்கும். வெளிப்போக்குக் குழாய் சல்லி மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே இருக்கட்டும். தண்ணீர் மேலே தெரிந்தால் கொசு. தொட்டிக்கு விடுமுன் குளித்த தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறும்.

உறிஞ்சுகுழி போதுமே என்பவர்கள் முதலில் ஒரு அடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நம் செட்டிநாட்டுப் பக்கத்துச் செம்பாறையில் விடிந்தும் அப்படியே நிற்கிற இடங்கள் உண்டு. அங்கே குழி வெட்டுவது காசுக்குக் கேடு.

கேள்வி: சமையற்கட்டுக் கழிவில் ஓடும் சிறிய சாண எரிவாயுக் கலன் வைத்தோம். ஒரு மாதம் நன்றாக எரிந்தது, இப்போது சுடர் நிற்கவில்லை.
வாசகி, காரைக்குடி

பதில்: வடித்த கஞ்சியும் எலுமிச்சைத் தோலும் அதிகம் போயிருக்கும். உள்ளே புளித்தால் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். ஒரு வாரம் எதுவும் போடாதீர்கள். பிறகு சாணமும் தண்ணீரும் சமமாகக் கரைத்து ஒரு வாளி, அதோடு கொஞ்சம் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். சுடர் நீலமாக நின்றபின் கழிவைப் பாதி அளவில் தொடங்குங்கள். மாடு இருக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: 25 கிலோ சாணம் ஒரு கன மீட்டர் வாயு, அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சிலிண்டர் வாயுவுக்குச் சமம்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடுகிறது. மேல்தளத்தில் சூரிய மின்தகடு போடலாமா?
வாசகர், கானாடுகாத்தான்

பதில்: 2 கிலோவாட் போதும். நாளுக்கு ஏறக்குறைய 8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 480. 200 சதுர அடி வேண்டும். 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம்.

ஆனால் உங்கள் மேல்தளம் எது? தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளமென்றால் ஒரு போல்ட்கூட அடிக்க விடாதீர்கள். துளை வழியே ஈரம் இறங்கிச் சட்டம் மக்கும், கரையான் ஏறும்; அந்தச் சட்டத்துக்கு மாற்று தேடி அலைய வேண்டும். துளையிடாமல் கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்துகிறோம் என்பார்கள். அந்தப் பாரமும் சேர்ந்துகொள்ளும். பின்கட்டில் புதிதாகப் போட்ட கான்கிரீட் தளம், இல்லையேல் தோட்டத்தில் இரும்புக் கால் நட்டுத் தரையோடு போடுவதே மேல். தெற்கு நோக்கி 10 பாகை சாய்வு. தென்னை ஓலையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் வரிசை முழுதும் உற்பத்தி இறங்கும்.

மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. மின்தடைக்கும் வேண்டுமென்றால் பேட்டரியோடு ஓடும் இன்வெர்ட்டரை முன்கூட்டியே கேளுங்கள். எர்த் குழி காய்ந்த செம்மண்ணில் சரியாக வேலை செய்யாது. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். செம்புழுதியை மாதம் இரண்டு முறை விடியற்காலையில் துடையுங்கள். உப்புக் கிணற்று நீர் வெள்ளைக் கறை வைக்கும், இதற்கும் மழைநீர்தான்.

கேள்வி: தேக்குச் சட்டத்தின் மேல் சுண்ணாம்பு போட்ட தளத்தில் மாடித்தோட்டம் போடலாமா?
வாசகி, கொத்தமங்கலம்

பதில்: வேண்டாம். ஈரமண் ஒரு கன அடி 50 கிலோ. வீட்டின் பின்னால் மூன்றாம் கட்டுத் தரையில் முருங்கை, கருவேப்பிலை, வேலியோரம் இரண்டு சுண்டைச் செடி வையுங்கள். வற்றலுக்குச் சுண்டைக்காய் வெளியே வாங்க வேண்டியிருக்காது.