பாட்டியின் நான்கு யூனிட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மின்பொறியியல் முதுகலை மாணவன். பெரிய மின்தடைகளுக்குப் பிறகு ‘இழப்பு இத்தனை ஆயிரம் கோடி’ என்று வரும் செய்திகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். இந்தப் பருவத்தில் எங்களுக்குக் கொடுத்த திட்டவேலையும் அதுதான். ஒரு கற்பனை நகரம், 24 மணி நேர மின்தடை. சமூகத்துக்கு ஆகும் செலவைக் கணினியில் சிமுலேஷன் செய்து சொல்ல வேண்டும். எத்தனை யூனிட் மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று கண்டுபிடித்து, ஒரு யூனிட்டின் இழப்பு மதிப்பால் பெருக்கினேன். விடை தசமப் புள்ளி வரை வந்தது. மதிப்பெண்ணும் கிடைத்தது.

ஆனால் மனம் ஒப்பவில்லை. என் பாட்டி வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) வைத்திருந்தவர். ஒருமுறை 11 மணி நேரம் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. அப்பா ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்தார். நல்லவேளை, கிடைத்தது. என் சூத்திரத்தில் அந்த இரவு எவ்வளவு வருகிறது என்று போட்டுப் பார்த்தேன். 350 வாட் கருவி, 11 மணி நேரம். நான்கு யூனிட்கூட இல்லை. நடக்காத ஒன்றைக் கணினியில் நடத்தி விலை போடுவது ஜோசியம்தானோ என்று தோன்றுகிறது. இதனால் யாருக்காவது பயன் உண்டா?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனம் ஒப்பாமல் போனது சரிதான். அந்த நான்கு யூனிட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் எதனால் பெருக்கினீர்களோ அந்த எண்ணுக்கு, போய்ச் சேராத மின்சாரத்தின் மதிப்பு என்று பெயர். பிரிட்டனில் அரசுக்காகவும் மின் ஒழுங்குமுறை அமைப்புக்காகவும் 2013-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். குளிர்கால வேலைநாளின் உச்ச நேரத்தில் ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, 16,940 பவுண்டு என்று அதில் வந்தது. யூனிட்டுக்கு ஏறக்குறைய 17 பவுண்டு. அதன்படி உங்கள் பாட்டியின் இரவுக்கு 65 பவுண்டு.

இந்த எண் எங்கிருந்து வந்தது? மக்களைக் கேட்டதிலிருந்து. ‘எவ்வளவு ஈடு தந்தால் ஒரு மணி நேரத் தடையைப் பொறுத்துக்கொள்வீர்கள்?’ என்று வீடுகளையும் சிறு தொழில்களையும் கேட்டு, பதில்களிலிருந்து சராசரியைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆட்களிடம் ‘தடையைத் தவிர்க்க எவ்வளவு கொடுப்பீர்கள்?’ என்று மாற்றிக் கேட்டால் விடை வெகுவாக இறங்கிவிடும். கொடுப்பதைப் பற்றிக் கேட்கும்போது யாராலும் கையிருப்புக்கு மேல் சொல்ல முடியாதே. அந்த வழியில் கணக்கிட்டால், வசதியுள்ள வீட்டில் ஏசி நின்றதன் மதிப்பு, வசதியில்லாத வீட்டில் மூச்சுக்கருவி நின்றதன் மதிப்பைவிடப் பெரிதாக வந்துவிடக்கூடும். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அந்த விடையை வைத்து ‘எந்தப் பகுதிக்கு முதலில் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுப்பது?’ என்று முடிவு செய்தால் அது அநியாயம்.

அந்த எண்ணை நான் குப்பை என்று சொல்லவில்லை. உச்ச நேரத் தேவைக்காக இன்னொரு மின்நிலையம் கட்டலாமா என்று யோசிப்பவருக்கு, ஓரிரு மணி நேரத் தடைகளை எடைபோட அது உதவும். அதை வைத்து 24 மணி நேரத்தைப் பெருக்கியதில்தான் உங்கள் திட்டவேலை தடம் மாறியது.

ஏன் என்று விளக்க, அந்தக் கற்பனை நகரத்திலேயே மணி மணியாகப் போவோம். முதல் மணி நேரத்தில் லிஃப்டில் சிலர் மாட்டிக்கொள்வார்கள், சிக்னல்கள் அணையும், கடைகள் கல்லாவை மூடும். சில மணி நேரம் போனதும் செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீரும். அப்புறம் மேல்நிலைத் தொட்டிகள் வற்றும். கழிவுநீரை ஏற்றும் பம்புகள் நின்றிருப்பதால் தாழ்வான இடங்களில் அது பின்னோக்கி வரத் தொடங்கும். மருத்துவமனையின் ஜெனரேட்டருக்கு டீசல் தேவைப்படும். பெட்ரோல் பங்கில் டீசல் இருக்கிறது, ஆனால் நிலத்தடித் தொட்டியிலிருந்து அதை மேலே ஏற்றும் மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. செலவு இங்கே நேர்கோட்டில் ஏறாது, படிப்படியாக ஏறும். ஒரு சேமிப்பு தீரும் இடம் ஒவ்வொன்றும் ஒரு படி. 12-ஆவது மணி நேரம் முதல் மணி நேரத்தைப் போன்றதல்ல. உங்கள் பாட்டிக்கு அந்தப் படி இரண்டாவது மணி நேரத்தில், இன்வெர்ட்டர் ஓய்ந்தபோது வந்தது. பெருக்கல் கணக்குக்கு இந்தப் படிகள் தெரியாது. சிமுலேஷன் தேவைப்படுவது அதற்காகத்தான்.

2015 டிசம்பர் 5 இரவு, இங்கிலாந்தின் லாங்கஸ்டர் நகரில் வெள்ளம் துணை மின்நிலையத்துக்குள் புகுந்தது. சுமார் 61,000 வீடுகளும் கட்டடங்களும் இருண்டன. கூடவே செல்போன் சேவையும் போனது. எப்போது மின்சாரம் வரும் என்று கேட்கக்கூடப் பலருக்கு வழியில்லை. ஜெனரேட்டரில் ஓடிய உள்ளூர் வானொலி ஒன்று தகவல் சொல்லிக்கொண்டிருந்தது. கனடாவில் 2022 ஜூலை 8 அன்று நடந்தது வேறு கதை. மின்சாரம் இருந்தது. ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மைய வலையமைப்பு, பராமரிப்புக்காகச் செய்த ஒரு மாற்றத்தில் விழுந்துவிட்டது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் துண்டிக்கப்பட்டார்கள். நாடு முழுக்க டெபிட் கார்டு பணப்பரிமாற்றம் நின்றது. அவசர உதவி எண்ணைக்கூடப் பலரால் அழைக்க முடியவில்லை.

இப்படி ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதை ரினால்டி, பீரன்பூம், கெல்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2001-இல் நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஒன்றின் விளைபொருள் இன்னொன்றுக்கு உணவாவது, தகவல் வழியாகக் கட்டுப்படுவது, ஒரே இடத்தில் இருப்பதால் சேர்ந்து அடிபடுவது, கடைசியாக, சந்தை, விதி, மனித முடிவு போன்றவற்றால் பிணைந்திருப்பது. உங்கள் கணினி மாதிரியில் முதல் வகை மட்டும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். மாணவர்களின் திட்டவேலைகளில் நான் பார்த்தவரை அப்படித்தான் இருக்கிறது. மூன்றாவது வகையைச் சேர்ப்பது எளிது, ஒரு வரைபடம் போதும். ஒரே பாலத்தின் அடியில் மின் கேபிளும் குடிநீர்க் குழாயும் கண்ணாடி இழைக் கம்பியும் போகிற நகரங்கள் எத்தனையோ உண்டு.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் நடந்ததைக் கட்டாயம் படியுங்கள். கடும் குளிரில் எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன, மின்நிலையங்களும் உறைந்து நின்றன. மின்கட்டமைப்பைக் காப்பாற்றச் சுழற்சி முறையில் மின்சாரத்தை வெட்டினார்கள். அந்த வெட்டு, எரிவாயுவை எடுத்து அனுப்பும் கருவிகள் சிலவற்றுக்கும் விழுந்தது. அதனால் எரிவாயு இன்னும் குறைந்தது, மின்சாரம் இன்னும் குறைந்தது. தன் வாலைத் தானே கடிக்கும் சுழல் இது. முழுக் கட்டமைப்பும் விழுவதற்கு 4 நிமிடம் 37 விநாடிதான் மிச்சமிருந்தது என்று அதை இயக்கும் அமைப்பே பிறகு சொன்னது. மாநில சுகாதாரத் துறையின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். இந்தச் சுழலை எந்தப் பெருக்கலும் காட்டாது. மின்சாரத்தையும் எரிவாயுவையும் ஒரே மாதிரிக்குள் வைத்து நேரத்தை நகர்த்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஜோசியம் என்றீர்கள். ஜோசியம் நடக்கப்போவது ஒன்றைச் சொல்லும். சிமுலேஷன் நடக்கக்கூடிய ஆயிரம் நாட்களைச் சொல்லும். எந்த மின்மாற்றி எப்போது பழுதாகும், பழுதுபார்க்க எவ்வளவு நேரமாகும், அன்று வெயிலா குளிரா, எத்தனை ஜெனரேட்டர்கள் உயிர்பிடிக்கும், இவற்றையெல்லாம் சீட்டுக் குலுக்குவது போல எடுத்து, அதே நகரத்தை ஆயிரக்கணக்கான தடவை ஓடவிடுகிறோம். மான்டி கார்லோ முறை என்பது அதுதான். வரும் விடைகளில் சராசரியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். வால் பகுதியைப் பாருங்கள். ஆயிரத்தில் பத்துப் பதினைந்து ஓட்டங்களில் செலவு மலைபோல் ஏறியிருக்கும். அந்தப் பத்தையும் தனியாக எடுத்து, அவற்றில் எது பொதுவாக இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பம்பு நிலையத்திலோ எரிபொருள் கிடங்கிலோ போய் முடியும். என் அனுபவத்தில் இந்தத் தேடல்தான் மொத்த வேலையிலும் மதிப்பு மிக்க பகுதி.

பணக்கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு துறையின் உற்பத்தி இன்னொரு துறைக்கு எவ்வளவு உள்ளீடாகிறது என்று பொருளாதார அறிஞர் லியோன்டிஃப் வகுத்த அட்டவணையை வைத்து, ஒரு தடை எங்கெங்கே பரவும் என்று பார்க்கும் மாதிரிகள் உண்டு. அவை மனிதர்கள் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று வைத்துக்கொள்வதால் இழப்பைக் கூட்டிக் காட்டும். நிஜத்தில் தொழிற்சாலை அடுத்த வாரம் கூடுதல் நேரம் ஓடி, தவறிய உற்பத்தியில் ஒரு பகுதியை மீட்டுவிடும். கடைக்காரரின் இழந்த விற்பனையையும் அவருக்குச் சரக்கு கொடுப்பவரின் இழந்த விற்பனையையும் கூட்டினால் ஒரே இழப்பு இரண்டு தடவை வந்துவிடும், அதிலும் கவனம் வேண்டும். ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசலோ நாட்டின் வருமானக் கணக்கில் வரவாக ஏறும். இவ்வளவு இடறல்கள் இருப்பதால்தான் நடந்து முடிந்த சம்பவத்துக்குக்கூட ஒரே எண் கிடைப்பதில்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். அமெரிக்கப் பகுதியின் இழப்பு மட்டும் 400 கோடி டாலரிலிருந்து 1,000 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்டது. ஆகவே உங்கள் விடையில் தசமப் புள்ளியை எடுத்துவிடுங்கள். ஒரு வீச்சாகச் சொல்லுங்கள்.

அதே 2003 மின்தடையில் இன்னொரு எண் மிகத் தாமதமாக வந்தது. நியூயார்க் நகரில் அந்த நாட்களின் இறப்புகளை, மின்தடை இல்லாதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய இறப்புகளோடு ஒப்பிட்டு 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறக்குறைய 90 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். விபத்துகள் மட்டும் காரணமல்ல, நோயாளிகளின் இறப்பும் கூடியிருந்தது. அவர்களின் இறப்புச் சான்றிதழில் மின்தடை என்று எழுதியிருக்காது. மாரியா புயலுக்குப் பிறகு கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவிலும் இதைப் பார்த்தோம். 2017-இல் அடித்த புயலுக்கு அரசின் கணக்கு பல மாதங்கள் 64 என்றே இருந்தது. கூடுதல் இறப்புகளை ஆராய்ந்த பிறகு 2,975 ஆனது. அத்தனையும் மின்சாரம் இல்லாததால் மட்டும் நேர்ந்தவை அல்ல, ஆனால் தீவு முழுக்க மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆனதை அதிலிருந்து பிரித்துவிடவும் முடியாது. இந்த 64-க்கும் 2,975-க்கும் நடுவில் இருப்பவர்கள் உங்கள் பாட்டியைப் போன்றவர்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்களை யாரும் மறைத்து வைக்கவில்லை. எண்ணுவதற்கான கட்டம் கணக்கில் இல்லாததால் விட்டுப்போனார்கள்.

அந்தக் கட்டத்தை வரைய முயன்றவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் ‘சமூகச் சுமை’ என்றொரு அளவையை உருவாக்கி, போர்ட்டோ ரிக்கோவில் சிறு மின்கட்டமைப்புகளை எங்கே அமைக்கலாம் என்று பார்க்கப் பயன்படுத்தியது. தண்ணீர், மருந்து, உணவு, எரிபொருள் போன்ற ஒவ்வொன்றையும் அடைய ஒருவர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்று கணக்கிட்டு, அதை அவருடைய வசதியால் வகுப்பார்கள். அதே நான்கு கிலோமீட்டர், கார் உள்ளவருக்குச் சின்னச் சுமை, இல்லாதவருக்குப் பெரிய சுமை. ‘எவ்வளவு கொடுப்பீர்கள்?’ என்று கேட்கும் கணக்கில் வசதி கூடினால் மதிப்பு கூடியது. இதில் வசதி குறைந்தால் சுமை கூடுகிறது. எனக்கு இந்த வகுத்தல் ரொம்பப் பிடித்திருக்கிறது.

சரி, உங்கள் திட்டவேலையை இன்னொரு தடவை ஓடவிட நேரம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். நகரத்தை மெகாவாட்டாக வைக்காமல் வீடுகளாக வையுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர் சேமிப்பு, எத்தனை மணி நேர பேட்டரி, மருத்துவக் கருவி உண்டா, வண்டி உண்டா என்று கொடுங்கள். எல்லாவற்றையும் ரூபாயில் கரைத்துவிடாதீர்கள். பணம் அட்டவணையின் ஒரு பத்தியில் இருக்கட்டும். பேட்டரி தீர்ந்த பிறகும் மருத்துவக் கருவியை நம்பியிருந்தவர்களின் மொத்த மணி நேரம் இன்னொரு பத்தியில் வரட்டும். அப்புறம், உண்மையில் நடந்த ஒரு தடையை உங்கள் மாதிரிக்குக் கொடுத்து, நடந்ததை ஓரளவாவது அது திருப்பிச் சொல்கிறதா என்று சோதியுங்கள். சொல்லாவிட்டால் எதிர்காலத்தைப் பற்றி அது சொல்வதை ஏற்காதீர்கள்.

அந்தச் சோதனைக்கு உங்கள் வீட்டிலேயே தரவு இருக்கிறது. அன்று மின்சாரம் போனது எத்தனை மணிக்கு, இன்வெர்ட்டர் ஓய்ந்தது எப்போது, அப்பா எத்தனை இடங்களில் கேட்டார், எந்தெந்த இடத்துக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை, சிலிண்டர் வீட்டுக்கு வந்தது எப்போது? அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். நாம் இருவரும் சேர்ந்து அதை மாதிரிக்குள் வைத்துப் பார்ப்போம்.