மசாய் மாராவின் பாறுகள்: உங்கள் கேள்விகள்

கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் வாழும் பாறுகளைப் பற்றி, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றி, கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: அங்கேயும் பாறுகள் குறைவதற்கு டைக்ளோஃபெனாக்தானே காரணம்?

இல்லை. அது நம் நாட்டுக் கதை. மாட்டுக்குப் போட்ட அந்த வலி மருந்து பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-ல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். மாராவில் முதல் எதிரி விஷம். ராத்திரி சிங்கம் பட்டிக்குள் புகுந்து மாட்டை அடிக்கும். விடிந்ததும் மாட்டுக்காரர் மிச்சம் கிடக்கும் உடலில் கார்போஃபியூரான் தூவிவிடுவார். நம்மூரில் நெல்லுக்கும் வாழைக்கும் போட்டுப் பழகிய குருணை மருந்துதான் அது. சிங்கம் திரும்பி வருகிறதோ இல்லையோ, பாறுகள் வந்துவிடும். ஒன்று இறங்குவதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து வேறொன்று என்று வெகு தொலைவிலிருந்தெல்லாம் கூடுவதுதான் அவற்றின் பிழைப்பு. அதனால் ஒரே ஒரு செத்த மாடு ஒரு கூட்டத்தையே காலி செய்துவிடும். வருஷத்துக்கு ஒரு முட்டை இடும் பறவை இது. ஒரே காலையில் இழந்ததை ஈடுகட்டப் பல வருஷம் ஆகும்.

யானையைக் கொன்று தந்தம் திருடுபவர்கள் வைக்கும் விஷம் வேறு கணக்கு. வானத்தில் பாறுகள் வட்டமிட்டால் வனக்காவலர்களுக்கு இடம் தெரிந்துவிடும், அதனால் பாறுகளையே தீர்த்துவிடுகிறார்கள். 2019-ல் போட்ஸ்வானாவில் 3 யானை உடல்களைத் தின்று செத்தவை 537 பாறுகள்.

கேள்வி: எந்த மாதம் போனால் நிறையப் பார்க்கலாம்?

ஜூலை முதல் அக்டோபர் வரை. வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் வகையின் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் காலம். ஆற்றில் மூழ்கிச் சாவது மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 6,250 என்கிறது ஓர் ஆய்வு, பாறுகளுக்குப் பந்திதான். ஒரு வேண்டுகோள்: பிணத்துக்குப் பக்கத்தில் வண்டியை விடச் சொல்லி ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள். வயிறு நிறைந்த பாறு சட்டென்று பறக்காது, கொஞ்ச தூரம் ஓடித்தான் எழும்பும்.

கேள்வி: கூட்டைப் படமெடுத்து இடத்தோடு பகிரலாமா?

கூடாது. பாறுத் தலையை மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் விற்கும் சந்தைகள் ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் உண்டு. இடம் போடாதீர்கள்.

கேள்வி: பிணம் தின்பவைதானே, போனால் என்ன?

கென்யாவின் லைகிபியாவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பாறுகள் வராத பிணங்கள் மக்க ஏறக்குறைய மூன்று மடங்கு நாளானது. அங்கே கூடிய கழுதைப்புலி, நரி வகைகளும் மூன்று மடங்கு. அவை பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்றால் நோய் தொற்ற வேறென்ன வேண்டும்?

கேள்வி: விஷம் வைக்கும் மசாய் இன மாட்டுக்காரர்களை மந்தையோடு வெளியேற்றிவிட்டால் தீர்ந்ததல்லவா?

இதே கேள்வி நாலு பேரிடமிருந்து. சரி, ஒரே பதிலாகச் சொல்கிறேன். எங்கே வெளியேற்றுவீர்கள்? காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றியுள்ள பெரும்பாலான நிலம் மசாய் குடும்பங்களுக்குச் சொந்தம். சுற்றுலாவுக்குக் குத்தகை விட்டு, வேலியில்லாமல் விலங்குகளுக்கு வழிவிட்டிருப்பதும் அவர்கள்தான். பாறு காலையில் மாராவில் தின்று மறுநாள் தான்சானியாவில் இருக்கும். எந்த எல்லைக்குள் வைத்துக் காப்பது? ஆகவே வேலை பட்டியில்தான் தொடங்க வேண்டும்: முள்வேலிக்குப் பதில் கம்பிவலை, மாடு போனால் நஷ்டஈடு, ராத்திரி மின்னும் விளக்கு. நைரோபி தேசியப் பூங்கா ஓரம் வளர்ந்த ரிச்சர்ட் துரேரே என்ற மசாய்ப் பையன், ஒன்றுவிட்டு ஒன்று மின்னும் விளக்குகளைத் தானே கட்டிச் சிங்கத்தை விரட்டினான்.

அதற்கு வந்த மறுப்பு: "2015-ல் மாராவின் மார்ஷ் என்ற சிங்கக் கூட்டத்துக்கு விஷம் வைத்தவர்களுக்கும் விளக்குதான் கொடுப்பீர்களா?"

சட்டம் அவர்களைப் பிடித்தது, பிடிக்கத்தான் வேண்டும். நான் பேசுவது அடுத்த ராத்திரியைப் பற்றி. கைது நடந்தால் ஒருவர் பயப்படுவார். மாடு செத்தால் நஷ்டம் என்ற கணக்கு ஊர் முழுக்க அப்படியே இருக்கும். விஷத்தை ஒரு கடைக்குப் போய் வாங்கிவிட முடிகிறது என்பதை யாரும் கேட்கவில்லையே, அதைக் கேளுங்கள்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

மூன்றாவது முறை. ஜூலை–அக்டோபர். மேலே இருக்கிறது.

கேள்வி: செக்ரட்டரி பறவை?

2020 முதல் அழியும் ஆபத்திலுள்ளவை பட்டியலில் இருக்கிறது. மற்றதைப் புல்வெளிப் பறவை ஆட்களிடம் கேளுங்கள்.

கேள்வி: விஷம் தின்ற பாறு பிழைக்குமா?

சீக்கிரம் கிடைத்தால் பிழைக்கும். கால் விரல்கள் இறுக மடங்கியிருக்கும், தலை தொங்கும், தொண்டைப்பை மட்டும் புடைத்திருக்கும். உள்ளே இருக்கும் இறைச்சிதான் இன்னும் விஷத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. கால்நடை மருத்துவர் முதலில் அதை வெளியேற்றுவார், அப்புறம் அட்ரோபின் என்ற முறிமருந்து. கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது, மனிதனையும் கொல்லும் விஷம் அந்தக் கார்போஃபியூரான். மாட்டின் உடலை அங்கேயே எரித்துவிட வேண்டும். செத்த பாறுகளையும் சேர்த்துத்தான்; அவற்றைத் தின்ன வருவதும் சாகும்.