ஒன்பது சதவீதமும் ஓர் இனிஷியலும்

கேள்வி: மாநில அரசு வணிகவரியை ஒழித்து, தனியார் சொத்துரிமையையும் உறுதிப்படுத்தினால் திருநெல்வேலிப் பக்கம் தொழில் தானாக வளர்ந்துவிடாதா? சிப்காட் தொழிற்பேட்டை, மானியம் என்று எதற்குச் சுற்றி வளைக்கிறார்கள்?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: ஒழிப்பதற்கு மாநிலத்தின் கையில் வணிகவரி எங்கே இருக்கிறது? 2017 ஜூலை 1-ஆம் தேதியோடு பெரும்பகுதி ஜிஎஸ்டிக்குள் போய்விட்டது. டவுன் ரத வீதி அல்வாவுக்கு எத்தனை சதவீதம் என்று கோட்டையில் தனியாக உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்த ஜிஎஸ்டி கவுன்சிலில் முக்கால் பங்கு வாக்கு வேண்டும். மொத்த வாக்கில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசிடம். மாநிலத்துக்கு முக்கியமாக மிஞ்சியவை பெட்ரோல், டீசல், மதுபானம். டாஸ்மாக் வரியைக் குறைத்துத் தொழில் வளர்க்கச் சொல்கிறீர்களா?

வரியையும் சொத்துரிமையையும் ஒரே மூச்சில் கேட்டதும் ராஜாஜி ஞாபகம் வந்தார். மதுவிலக்கால் விழுந்த துண்டை அடைக்க 1939-இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரியைக் கொண்டுவந்தவர். 1959-இல் சுதந்திரா கட்சி தொடங்கிச் சொத்துரிமைக்குக் கொடி பிடித்தவரும் அவரே. அந்த உரிமை 1978-இன் 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து இறங்கி, இப்போது 300ஏ பிரிவில் இருக்கிறது. சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. நல்லது. மானூர்ப் பக்கம் பறிக்க யாரும் வரவே வேண்டாம், ஒரு எழுத்துப் பிழை போதும்.

எங்கள் வீட்டுக் கதை இது. யுடிஆர் என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்து எழுதிய சமயத்தில் தாத்தாவின் இனிஷியலை மாற்றி எழுதிவிட்டார்கள். பத்திரம் எங்களிடம், தீர்வை ரசீது எங்களிடம். பட்டாவில் மட்டும் ஊரில் இல்லாத ஓர் ஆள். சித்தப்பா அங்கே அரிசி ஆலை போட பேங்க்குக்குப் போனார். "பட்டா யார் பேர்ல இருக்கு, அண்ணாச்சி?" தாலுகா ஆபீசில் "யுடிஆர் பிழை, மேல போகணும்" என்றார்கள். மேலே போனால், "கீழேயிருந்து ரிப்போர்ட் வரணும்." மஞ்சள் பையோடு நாலு வருஷம் பஸ் ஏறினார். பட்டா சரியானபோது ஆலை ஆசை தீர்ந்துவிட்டது. அந்த நாலு வருஷத்தில் வரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை புலம்பிக் கேட்டதில்லை.

மாநிலம் நிஜமாகவே குறைக்கக்கூடியது பத்திரச் செலவு. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. அரசு குறித்த வழிகாட்டி மதிப்பு 50 லட்சம் என்றால், முதல் செங்கல் வைக்குமுன்னே நாலரை லட்சம். 2023-இல் கட்டணத்தை 4-இலிருந்து 2 ஆக்கினார்கள்; அதே கையோடு வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள். இவ்வளவு வாங்கிக்கொண்டும், விற்றவர்தான் உடையவர் என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை. வில்லங்கம் பார்ப்பது உங்கள் பாடு. வணிகவரியும் பத்திரப்பதிவும் ஒரே துறை, பட்டா வேறு துறை. உட்பிரிவு இல்லாத நிலத்துக்கு இப்போது பத்திரம் பதிந்ததும் பட்டா தானே மாறுகிறது என்பார்கள். விற்பவர் பெயரே பட்டாவில் தப்பு என்றால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ஆகவே கோட்டைக்கு மனு எழுதுவதானால், இந்த ஒன்பது சதவீதத்துக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டு எழுதுங்கள்.

சிப்காட் எதற்கு என்றீர்களே. கம்பெனிக்காரர்கள் கங்கைகொண்டான் சிப்காட்டுக்குப் போவதற்கு மானியம் மட்டும் காரணமில்லை. அங்கே 99 வருஷக் குத்தகை, இடம் தருவது அரசாங்கம். தாத்தாவின் இனிஷியலை யாரும் கேட்பதில்லை.