கிடையும் உழவும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் கணினி வேலை. சித்திரையில் ஒரு மாத விடுப்பெடுத்து, ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகும் கீதாரிகளோடு தங்கி வேலை செய்ய ஆசை. காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்கள் நிலத்தில் வருடாவருடம் ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போடுவார்கள், அதாவது உரத்துக்காக ராத்திரி ஆடுகளை வயலில் அடைப்பார்கள். என்ன கொண்டுபோக வேண்டும்? அவர்களுக்குத் தொந்தரவாக இருப்பேனா? அப்பா வேறு, 'கிடைக்கூலி ஏறுகிறது, மகசூலில் ஒன்றும் தெரியவில்லை' என்கிறார்.

க.

அன்புள்ள க.,

நல்ல ஆசை, தம்பி. போய் வாருங்கள். கூடாரம் வேண்டாம், ஒரு தார்ப்பாய், போர்வை, டார்ச் போதும். உங்கள் பங்கு அரிசி பருப்பை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கீதாரி காட்டும் இடத்தில் படுங்கள். வந்ததும் வராததுமாக "எத்தனை ஆடு?" என்று கேட்காதீர்கள்.

வேலை செய்தால் தொந்தரவில்லை. மந்தைக்கு முன்னால் போகாமல் பின்னாலும் ஓரத்திலும் நடங்கள். மரவள்ளிக் கொல்லையும் இளஞ்சோளமும் வருகிற பக்கம் ஆடு புகாமல் மறித்து நில்லுங்கள். அந்தத் தழையில் சயனைடு நஞ்சு உண்டு, வயிறு நிறைய மேய்ந்துவிட்டால் ஆடு பிழைப்பது அரிது. களத்தில் சிந்திய நெல்லை அளவுமீறித் தின்றாலும் வயிற்றில் அமிலம் ஏறிச் சாகும். ஈன்ற குட்டியைக் கொஞ்சத் தூக்காதீர்கள். தாய் நக்கி, வாசம் பிடித்த பிறகுதான் அது தன் குட்டி.

இனி அப்பா விஷயம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கூலியைக் குறை சொல்கிறவர், கிடை எழுந்த பிறகு நிலத்தை என்ன செய்கிறார்? புழுக்கை காயட்டும் என்று பத்து நாள் போட்டு வைக்கிறாரா? அப்படியானால் பாதிக் காசைக் காற்றில் விடுகிறார். தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பங்கும் சாம்பல் சத்தும் ஆட்டு மூத்திரத்தில்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் ஓரிரு நாளிலேயே அந்தத் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறக்கத் தொடங்கும். கிடையில் மூக்கைத் துளைக்கிறதே, அந்த நெடி உங்கள் உரம்தான்.

உளுந்து எடுத்த களிமண் வெடித்துக் கட்டாந்தரையாகிவிடும். அதனால் கிடை இறங்குவதற்கு முன்பே கோடை மழை ஈரத்தில் ஒரு சால் ஓட்டிப் பொலபொலப்பாக்குங்கள், மூத்திரம் உள்ளே இறங்கும். கிடை நகர்ந்த மறுநாள் மாலைக்குள் டிராக்டரில் கல்டிவேட்டர் கலப்பையை மேலாக, மூன்று நான்கு அங்குலத்துக்கு ஓட்டி மூடுங்கள். ஆடுகளை அடைக்கும் வலையைத் தினம் மாற்றி அடிக்க நீங்களும் ஒரு கை பிடியுங்கள். ஒரே இடத்தில் இரண்டு இரவு கிடந்தால் பயிர் திட்டுத் திட்டாகக் கரும்பச்சை ஏறிச் சாயும். கிடை போட்ட வயலில் வழக்கம்போல முழு யூரியாவும் போட்டால் குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும். அப்புறம் மகசூல் எப்படித் தெரியும்? அடியுரத்தில் யூரியாவை நிறுத்திவிட்டு, இலை நிறம் பார்த்து மேலுரமாகக் கொஞ்சம் போடச் சொல்லுங்கள்.

வெயிலில் நாள் முழுக்க நடந்து, ராத்திரியும் கண்விழித்துக் காவல் கிடக்கிறவரிடம் கூலி பேரம் பேசுவது சரியல்ல, அப்பாவிடம் சொல்லுங்கள். மேட்டூர் அணையில் ஜூன் 12 வழக்கமான திறப்பு நாள். வயலுக்குத் தண்ணீர் வருமுன் ஆடுகள் கிளம்பிவிடும். கிடை எந்த வயலில் எந்த நாள் என்று கீதாரியிடம் கேட்டு, டிராக்டர்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.